முத்தப்பனிடம் சொன்ன குறைகள்

குடியை விட்ட பிறகு பவித்ரன் முதன்முதலில் கண்டுபிடித்தது காலைப் பசியை. நாற்பத்தாறு வயது மனுஷன் காலை ஏழு மணிக்குத் தனக்குப் பசிக்கிறதே என்று ஆச்சரியப்பட்டால், அதற்கு முந்தைய இருபது வருஷம் அவன் எந்த லட்சணத்தில் இருந்திருப்பான் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். புட்டும் கடலையும் தின்று முடித்துவிட்டு இன்னொரு குழல் புட்டு கேட்டான். அடுப்படியில் நின்ற அவன் மனைவி புஷ்பஜா திரும்பி, "நெசமாத்தான் கேக்கறீங்களா?" என்றாள். நிஜமாகத்தான் கேட்டான்.

அது நடந்து இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகிவிட்டது. ஆரம்பத்தில் அவனைப் படாத பாடு படுத்தியது சாயங்காலம் ஆறு மணி. அந்த நேரம் வந்தால் கால் தானாகச் செருப்பைத் தேடும். அதனால் ஆறு மணிக்கு வாசகசாலை மைதானத்துக்குப் போய் வாலிபால் ஆட ஆரம்பித்தான். முட்டி இரண்டும் கெஞ்சின. அவன் விடவில்லை. பகலில் ஆட்டோ ஓட்டினான். ஒரு பசு வாங்கினான், அதற்கு ஓமனை என்று பேர் வைத்து அதோடு ஓயாமல் பேசினான். வியாழக்கிழமைதோறும் அதே வாசகசாலையின் மாடியில் குடியை விட்டவர்கள் பதினோரு பேர் கூடி உட்கார்ந்து பால் விடாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டு அவரவர் கதையைச் சொல்வார்கள். அங்கே அவனுக்குக் கிடைத்த சிநேகிதன் அகஸ்டின். மலைப்பக்கத்துக்காரன், பஸ் கண்டக்டர், வாயில் வடிகட்டி கிடையாது.

இப்படி எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் ஒன்று குறைந்தது. பவித்ரன் தெய்யம் கட்டுகிற குடும்பம், சாமி வேஷம் கட்டி அந்தச் சாமியாகவே ஆடுகிறவர்கள். அவன் அப்பன், அப்பனுக்கு அப்பன் எல்லாரும் கட்டியவர்கள். அதிலும் பவித்ரன் முத்தப்பன் கட்டினால் நாலு ஊர் தாண்டி ஆள் வரும். மற்ற தெய்யங்கள் தீயில் குதிக்கும், வாளைச் சுழற்றும். முத்தப்பன் அப்படியில்லை. சனங்களின் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிற சாமி. கிண்டல் பண்ணும், சமாதானம் சொல்லும், சமயத்தில் வையவும் வையும். பவித்ரன் தலையில் முடி என்கிற சாமிக் கிரீடம் ஏறிவிட்டால் அந்த வாயிலிருந்து வருகிற பேச்சுக்காகவே சனம் வெயிலில் வரிசை கட்டி நிற்கும்.

முத்தப்பனுக்குப் படையல் கள்ளும், சுட்ட கருவாடும், அவித்த பயறும், தேங்காய்க் கீற்றும். கள்ளைப் படைத்தால் போதாது, முத்தப்பன் அதைக் கிண்டி என்கிற மூக்குப் பாத்திரத்தில் வாங்கி எல்லார் முன்னாலும் குடிக்க வேண்டும். சாமி குடித்ததால் யாரும் கெட்டதில்லை. சாமி போன பிறகும் பவித்ரன் குடித்தான், அங்கேதான் வம்பு வந்தது. கடைசியில் காலையில் பிராந்தி குடித்துவிட்டுத்தான் முகத்தில் சாயமே பூச உட்கார்ந்தான். ஒரு வீட்டில் முடி ஏற்றி உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிப் போனான். நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள், சாமி குறட்டை விடுகிறது. செண்டை மேளக்காரர்கள் குறட்டை கேட்காமல் இருக்க அரைமணி நேரம் அடி அடி என்று அடித்தார்கள். முத்தப்பன் தியானத்தில் இருப்பதாகச் சனங்கள் பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு வீட்டில், தூங்குகிறவன் முகத்துச் சாயத்தைப் புஷ்பஜாதான் எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். அதுதான் அவன் கடைசியாகக் கட்டிய முத்தப்பன்.

இப்போது, புதுவீடு கட்டிய தினேசன் வந்து வாசலில் நிற்கிறான்.

"பவித்ரேட்டா, மேட மாசத்துல முத்தப்பன் கட்டறதா வேண்டுதல். நீங்கதான் கட்டணும்னு வீட்ல ஒரே பிடிவாதம்."

"நான் இப்ப கட்டறதில்ல தினேசா. காரணம் உனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் வந்திருக்கேன். யோசிச்சு சொல்லுங்க."

அவன் போன பிறகு பவித்ரன் பசுவுக்குப் புல் போடப் போனான். போட்ட புல்லையே எடுத்து மறுபடி போட்டான். மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கட்ட வேண்டும் என்கிற ஆசை அவ்வளவு இருந்தது. பயமும் அதே அளவுக்கு இருந்தது, அதுவும் இரட்டைப் பயம். கள்ளைத் தொட்டால் தான் போய்விடுவோம் என்று ஒன்று. தொடாவிட்டால் வாயில் பேச்சே வராமல் போய்விடுமோ என்று இன்னொன்று. இரண்டாவதை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பேச்சையெல்லாம் பேசியது கள்தானோ என்கிற சந்தேகம் அவனை இரண்டு வருஷமாக அரித்துக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை அகஸ்டினிடம் சொன்னான்.

"எனக்கு உங்க சாமி வழக்கமெல்லாம் தெரியாது," என்றான் அகஸ்டின். "ஆனா கள்ளு பேசி நான் கேட்டிருக்கேன். பதினாறு வருஷம் என் வாய்லயே பேசிச்சு. கெட்ட வார்த்தையைத் தவிர அதுக்கு ஒரு மண்ணும் தெரியாது. உன் முத்தப்பன் அப்படியா பேசுவார்?"

பவித்ரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

படையல் வைக்கிற பூசாரி கோரனைப் போய்ப் பார்த்தான். முத்தப்பனின் பூசாரியை மடயன் என்பார்கள். கோரன் மடயனுக்கு எழுபது வயது, காது கொஞ்சம் மந்தம், மூளை அல்ல. விஷயத்தைக் கேட்டுவிட்டு வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார்.

"முத்தப்பனுக்குக் கள்ளு வைக்கறது என் வேலை. வைப்பேன். அதுல மாத்தம் கிடையாது," என்றார். "கிண்டியில என்ன ஊத்தறேங்கறது எனக்கும் முத்தப்பனுக்கும் உள்ள பேச்சு. கள்ளும் தென்னை குடுத்ததுதான், இளநீரும் தென்னை குடுத்ததுதான். படையல்ல ஒரு செம்பு கள்ளு இருக்கும். கிண்டிக்கு ஊத்தறதுக்குத் தனியா ஒரு செம்பு இளநீர் வைக்கறேன். நீ மூச்சு விடாத."

ஆக, பாக்கி இருந்தது புஷ்பஜா. அவள் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிறவள். நூற்றைம்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையில் உட்காரவைப்பவள். பவித்ரன் விஷயத்தைச் சொன்னபோது அவள் அதட்டவில்லை. அதுதான் அவனைக் கலக்கியது.

"தெய்யம் கட்டினா சாமி வரும். சரி," என்றாள். "சாமி போனப்புறம் யார் வருவாங்கன்னும் எனக்குத் தெரியும். அந்த ஆளோட நான் பதினஞ்சு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்."

"இளநீர்தான் புஷ்பா. கோரேட்டன் சொல்லிட்டாரு."

"உங்க இஷ்டம். நான் அங்க வரமாட்டேன். என்னால பாத்துட்டு நிக்க முடியாது."

ஆனால் அவன் விரதம் இருந்த நாட்களில் தனிப் பாத்திரத்தில் தனியாகச் சமைத்துப் போட்டாள். மறுப்பும் சம்மதமும் ஒரே தட்டில் வந்த மாதிரி இருந்தது அவனுக்கு.

அந்த நாளும் வந்தது. மேட மாதத்துச் சித்திரை வெயில், மத்தியானம் மூன்றரை மணி. தினேசனின் முற்றத்தில் ஓலைப் பந்தல், வாசலில் செண்டை, வேலி வரைக்கும் சனம். தினேசனின் தம்பி பிரமோத் இதற்கென்றே தோஹாவிலிருந்து லீவில் வந்திருந்தான். வெள்ளை வேட்டியும் கழுத்தில் சங்கிலியுமாகப் பந்தலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து எல்லாரையும் வேலை வாங்கிக்கொண்டிருந்தான். கடைசி வரிசையில் அகஸ்டினும் வியாழக்கிழமைக்காரர்கள் ஒன்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கல்யாணத்தில் பெண்வீட்டார் நிற்பது போல ஒரு கவலையான நிற்றல்.

பவித்ரனின் முகத்தில் சாயம் ஏறியது. மார்பில் அரிசி மாவு, இடுப்பில் சிவப்புப் பட்டு, கையில் வில்லும் அம்பும். தலையில் முடியைக் கட்டினார்கள். செண்டை எழுந்தது, அவனும் எழுந்தான். கால்கள் எதையும் மறந்திருக்கவில்லை. ஆட்டம் முடிந்து கோரன் படையல் வைத்தார், கிண்டியில் ஊற்றினார். முத்தப்பன் கிண்டியை உயர்த்தி ஒரே மடக்கில் குடித்தார். இனிப்பான குளிர்ந்த இளநீர். சனம் கையெடுத்துக் கும்பிட்டது.

அடுத்தது பேச்சு.

முதலில் வந்தவன் வீட்டுக்காரன் தினேசன். முத்தப்பன் அவன் கையைப் பிடித்தார். வழக்கமான வாழ்த்தைச் சொன்னார், அது மனப்பாடம். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. தினேசன் காத்திருந்துவிட்டு நகர்ந்தான். அடுத்து வந்த வயசாளிக்கும் அதே மனப்பாடம்தான். வரிசையில் யாரோ யாரையோ பார்த்தார்கள்.

மூன்றாவதாக ஓர் ஓய்வுபெற்ற டீச்சர் வந்தார். முத்தப்பன் அவர் கையைப் பிடித்தார். பவித்ரன் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருஷம் இந்த முகங்களை அவன் பார்த்ததே இல்லை. கள் ஏறிய கண்ணுக்கு எல்லா முகமும் ஒரே கலங்கல்தான், வாய் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு டீச்சரின் கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு தெரிகிறது. கையில் போனை இறுக்கிப் பிடித்திருப்பது தெரிகிறது.

"கடல் தாண்டிப் போனவன் போன் பண்ணலையா?" என்றார் முத்தப்பன்.

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. "பத்து நாளாச்சு முத்தப்பா."

"பண்ணினா என்ன சொல்லுவான்? சாப்பிட்டேன்னு சொல்லுவான். சாப்பிட்டுட்டான். நான் பாத்துட்டுத்தான் வர்றேன். நீதான் பத்து நாளா சாப்பிடல. போ, உள்ள பயறு வச்சிருக்காங்க, முதல்ல போய்த் தின்னு. அவன் போன் பண்றப்ப உன் குரல் எழும்ப வேண்டாமா?"

டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார், வரிசையும் சிரித்தது. அவ்வளவுதான், அடைத்திருந்தது உடைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. வாய் தேடவே வேண்டியிருக்கவில்லை, எதிரில் நிற்கிறவர் முகத்தைப் பார்த்தால் போதும், சொல்ல வேண்டியது அங்கேயே இருந்தது. பரீட்சையில் தோற்ற பெண்ணைக் கிண்டல் பண்ணிச் சிரிக்கவைத்தார். இரண்டு வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பி இரண்டு பேரின் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இப்பப் பேசுங்கடா, நான் கேக்கறேன்," என்றார். அகஸ்டின்கூட வரிசையில் வந்துவிட்டான். "மலையிலிருந்து வந்தவனே, டிக்கெட் எடுத்தியா?" என்று முத்தப்பன் கேட்டதும் பந்தலே அதிர்ந்தது. கடைசி வரிசையில் கையைக் கட்டி நின்றவர்கள் கையை அவிழ்த்தார்கள். பவித்ரனுக்கு உள்ளே சந்தோஷம் பொங்கியது. பேச்சு கள்ளுடையது இல்லை, இல்லவே இல்லை என்று அவன் உடம்பு முழுக்கத் தெரிந்தது.

இங்கே இப்படியிருக்க, படையல் திரைக்குப் பின்னால் பிரமோத் தன் திருப்பணியைச் செய்துகொண்டிருந்தான். கோரன் கொஞ்சம் நகர்ந்த சமயம் பார்த்து, கிண்டிக்கு ஊற்றும் செம்பை எட்டிப் பார்த்தான். நுரை இல்லை. குனிந்து முகர்ந்தான். புளிப்பும் இல்லை. கள் இறக்குகிற ஊரில் பிறந்தவன் நுரைக்காத கள்ளைப் பார்த்தால் என்ன நினைப்பான்? எவனோ தண்ணீரை ஊற்றி ஏமாற்றிவிட்டான் என்றுதான் நினைப்பான். முத்தப்பனுக்கே தண்ணீரா என்று அவனுக்கு ரத்தம் கொதித்தது. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவான்? கேட்கவில்லை. செம்பிலிருந்ததை வாழைக்கு அடியில் கொட்டினான். பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான், கள் இறக்குகிறவனின் வீட்டுக்கே போய் அன்றைக்கு இறக்கிய நல்ல கள்ளாக வாங்கி வந்து செம்பை நிறைத்தான். அப்புறம் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, புண்ணியம் சேர்த்த முகத்தோடு முன்வரிசையில் வந்து நின்றுகொண்டான்.

முத்தப்பனுக்குப் பேசிப் பேசித் தொண்டை வறண்டது. கிண்டியை நீட்டினார். கோரன் செம்பை எடுத்து ஊற்றினார்.

கிண்டியில் நுரை எழும்பியது.

கோரனின் கை நின்றுவிட்டது. பிரமோத் முன்னாலிருந்து பெருமையாகச் சொன்னான்: "தண்ணிய வச்சு ஏமாத்தியிருந்தாங்க முத்தப்பா. நான் மாத்திட்டேன். அசல் சரக்கு."

வாசனை பவித்ரனின் மூக்கில் ஏறியது. இரண்டு வருஷத்துக்கு மேலாக எங்கேயோ படுத்திருந்த தாகம் ஒரே நொடியில் எழுந்து உட்கார்ந்தது. நாக்கு ஊறியது, கை கிண்டியை இறுக்கியது. நூறு பேர் பார்க்கிறார்கள். முத்தப்பன் கள்ளைக் கையில் வாங்கிவிட்டுக் குடிக்காமல் வைத்ததாக அந்த ஊரில் கேள்விப்பட்டதே இல்லை. ஒரு மடக்குதானே, குடிக்கிறது சாமிதானே, என்று உள்ளே ஒரு குரல் ரொம்ப நியாயமாகப் பேசியது. அந்தக் குரலை அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் கிண்டி மார்பு வரைக்கும் உயர்ந்துவிட்டது.

அப்போது வரிசையில் அடுத்தவர் முன்னால் வந்து நின்றார். புஷ்பஜா.

வரமாட்டேன் என்றவள் எப்போது வந்தாள், எவ்வளவு நேரமாக வரிசையில் நின்றாள் என்று யாருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துச் சேலையை மாற்றாமலே வந்திருந்தாள். கள் வாசனையைப் பத்தடி தூரத்திலேயே பிடித்துவிடுகிற மூக்கு அவளுடையது. அவள் கிண்டியைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. எல்லாரையும் போலக் கையை நீட்டினாள்.

முடி தலையில் இருக்கும்போது அவன் அவளுக்குப் புருஷன் இல்லை. அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். முத்தப்பன் இடது கையில் கிண்டியோடு வலது கையால் அவள் கையைப் பிடித்தார். முத்தப்பன் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அவள் வீட்டுப் பேரைச் சொன்னார்.

"பாலத்தடி வீட்டுக்காரியே, என்ன குறை, சொல்லு."

"எனக்கு ஒரு வீட்டுக்காரர் இருக்காரு முத்தப்பா," என்றாள் புஷ்பஜா. கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது.

"இருக்கட்டும். அவனுக்கு என்ன?"

"காலைல அடுப்படியில வந்து பாடறாரு. சுருதியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பக்கத்து வீட்ல ஜன்னலைச் சாத்தறாங்க."

சனம் சிரித்தது. முத்தப்பனால் தன் தரப்பில் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

"ஆறு மணிக்குப் பந்தாடப் போறாரு. இந்த வயசுல. முட்டி வீங்கி வந்தா எண்ணெய் போடறது நான். பசுமாட்டுக்கிட்ட பேசற பேச்சுல பாதி எங்கிட்டப் பேசறதில்ல. வியாழக்கிழமை வந்தா பத்துப் பேரைக் கூட்டிட்டு வந்து மீன்கறி வைன்னு நிக்கறாரு. மூணு குழல் புட்டு திங்கறாரு முத்தப்பா, அரிசி தங்கறதில்ல."

பந்தல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அகஸ்டின் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இவ்வளவு குறையா?" என்றார் முத்தப்பன். "நான் என்ன செய்யணும்? இதையெல்லாம் மாத்தித் தரணுமா?"

புஷ்பஜா அவன் கையை விடவில்லை. அவளும் சிரிக்கிற மாதிரிதான் இருந்தாள், ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

"வேண்டாம் முத்தப்பா. ஒண்ணையும் மாத்த வேண்டாம். பதினஞ்சு வருஷம் இதுல ஒரு குறைகூட எனக்கு வாய்க்கல. இப்பத்தான் ஒண்ணொண்ணாக் கிடைச்சிருக்கு. இதுல ஒண்ணுகூடக் குறையக் கூடாதுன்னு கேக்கத்தான் வந்தேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. பிரமோத்துக்குக்கூட ஏதோ புரிந்த மாதிரி இருந்தது, அவன் கிண்டியைப் பார்த்தான், கோரனைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். பவித்ரன் அவள் கையைப் பிடித்தபடியே நின்றான். உள்ளே பேசிக்கொண்டிருந்த அந்த நியாயமான குரல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

முத்தப்பன் கிண்டியை அவள் கையில் வைத்தார். வைத்து, அவள் விரல்களை அதன்மேல் மூடினார்.

"இது என் பங்கு. உங்கிட்டத் தர்றேன். நீ வச்சிரு."

"எதுவரைக்கும் முத்தப்பா?"

"நான் கேக்கறவரைக்கும்."

"கேட்டா?"

"குடுக்காத."

"கேக்கறது நீயா இருந்தாலுமா?"

"நானா இருந்தா முக்கியமாக் குடுக்காத," என்றார் முத்தப்பன்.

செண்டைக்காரர்கள் யாரும் சொல்லாமலே அடிக்க ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை அவர்கள் எதையும் மறைப்பதற்காக அடிக்கவில்லை. சனம் கும்பிட்டது, யாரோ ஒரு பெண் விசும்பினாள். கோரன் ஓடிப்போய் ஓர் இளநீரைச் சீவி, செம்பு கிம்பு ஒன்றும் வேண்டாம் என்று அப்படியே எல்லார் கண் முன்னாலும் முத்தப்பனிடம் நீட்டினார். முத்தப்பன் வாங்கிக் குடித்தார். ஒரு ஆளும் முகம் சுளிக்கவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு முடியை இறக்கினார்கள். முகத்தில் பாதிச் சாயத்தோடு பவித்ரன் தினேசன் வீட்டுக்குப் பின்பக்கம் வந்தான். கல்லின்மேல் புஷ்பஜா உட்கார்ந்திருந்தாள், மடியில் கிண்டி. எதிரில் கோரன் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"பிரசாதம் பரிமாறணும்மா. கிண்டியக் குடு."

"உத்தரவு எனக்கு, கோரேட்டா. உங்களுக்கில்ல."

பவித்ரன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். உடம்பெல்லாம் வலித்தது. பத்து வருஷத்தில் இப்படி ஒரு நல்ல வலி வந்ததில்லை.

"அதக் குடு புஷ்பா. நான் அவர்கிட்டக் குடுத்துடறேன்," என்று கையை நீட்டினான்.

அவள் கிண்டியை இன்னும் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள்.

"கேட்டாக் குடுக்கக் கூடாதுன்னு முத்தப்பன் சொல்லியிருக்காரு," என்றாள்.

பவித்ரன் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்ததில் கன்னத்துச் சாயம் பொட்டுப் பொட்டாக உதிர்ந்து அவள் சேலையில் விழுந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை. முந்தானையில் எண்ணெய் தொட்டு அவன் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். அவன் கண் திறந்திருந்தது, அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"சீக்கிரம் கிளம்புங்க," என்றாள் அவள். "ஓமனைக்குத் தண்ணி வைக்கணும். இந்நேரம் கத்த ஆரம்பிச்சிருக்கும்."